முடக்குவாத ஊசிக்காக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. மூன்று வருடமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு அடாலிமுமாப் ஊசி போடச் சொல்கிறார் டாக்டர். ஒரு ஊசி 9,000 ரூபாய். என் சம்பளம் 62,000. அதில் 10,000 எஸ்ஐபிக்குப் போகிறது. எஃப்.டி.யில் 6.5 லட்சம் இருக்கிறது. ஆபீஸில் 3 லட்சத்துக்கு குரூப் பாலிசி உண்டு. எஃப்.டி.யை உடைக்கவா, புதிய பாலிசி எடுக்கவா? செலவைப் பார்த்து, கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்கிறாள் மனைவி. (ஈரோடு வாசகர்)

பதில்: பணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். முடக்குவாதம் அரித்த மூட்டு எலும்பு பழையபடி ஆகாது. ஊசி தொடங்கும் முன் டிபி, ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள் எடுப்பார்கள். மறைந்திருக்கும் டிபி தெரிந்தால் முதலில் அதற்கு மாத்திரை, சில வாரம் கழித்துத்தான் ஊசி. அந்த இடைவெளியில் பணத்தை ஏற்பாடு செய்யுங்கள்.

மாதம் இரண்டு ஊசி, 18,000 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 24 இல்லை, 26 ஊசி. ஆக 2,34,000, மாதத்துக்கு 19,500. இதை ஆஸ்பத்திரி பில் மாதிரி ஒரே தடவைச் செலவாக நினைக்காமல், வீட்டு வாடகை மாதிரி மாதாமாதம் வைத்துப் பாருங்கள். எஸ்ஐபியை நிறுத்தி அந்த 10,000-ஐ இதற்குத் திருப்பினால் துண்டு விழுவது 9,500, வருடத்துக்கு 1,14,000. எஃப்.டி.யில் 2 லட்சத்தை அவசரத்துக்கென்று தொடாமல் வைத்தாலும், மீதி 4.5 லட்சம் கிட்டத்தட்ட நான்கு வருடம் தாங்கும். மொத்தமாக உடைக்க வேண்டாம். ஒரே டெபாசிட்டாக இருந்தால், பகுதித் தொகையை மட்டும் எடுக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். நகைக்கடன், பர்சனல் லோன் பக்கம் இப்போது போகவே வேண்டாம்.

அந்த 9,000-மும் மாறாத விலை இல்லை. அடாலிமுமாபின் முதல் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை ஒத்த வேறு கம்பெனித் தயாரிப்பை, 2014-லேயே ஸைடஸ் கம்பெனி இந்தியாவில் கொண்டுவந்துவிட்டது; இன்று பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. டாக்டரிடம் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள்: இதே மருந்தில் விலை குறைந்த பிராண்ட் உண்டா, கம்பெனியின் நோயாளர் உதவித் திட்டத்தில் சேரலாமா, டோஃபாசிட்டினிப் மாத்திரை இவருக்குப் பொருந்துமா. அந்த மாத்திரையின் ஜெனரிக் எவ்வளவோ மலிவு. ஆனால் இதயம், ரத்தக்கட்டு தொடர்பான எச்சரிக்கைகள் அதற்கு இருப்பதால் முடிவு டாக்டருடையது. நோய் நீண்ட நாள் அடங்கியிருந்தால் ஊசியின் இடைவெளியை அவரே கூட்டவும் வாய்ப்புண்டு. நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். அடாலிமுமாப் மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற மருந்து வகை. அந்த வகை ஊசியை மொத்தமாக விலக்கி வைக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் சொல்லிவிட்டது. உச்சவரம்பு வைக்க அனுமதி உண்டு. ஆனால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி பெரும்பாலும் வெளிநோயாளி செலவாகிவிடும், அங்கேதான் க்ளெய்ம் சிக்குகிறது. குரூப் பாலிசியில் என்ன நிலை என்று டிபிஏவிடம் (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைக் கையாளும் நிறுவனம்) மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். க்ளெய்முக்காகத் தேவையில்லாமல் அட்மிட் ஆகும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தனி பாலிசி இந்த ஊசிக்கு உடனே உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு 3 வருடம் வரை இருக்கலாம். அப்படியும் இப்போதே விண்ணப்பியுங்கள், ஏனென்றால் வேலை மாறினால் குரூப் பாலிசி போய்விடும். பிரீமியம் கூடலாம், சில கம்பெனிகள் மறுக்கவும் செய்யும். அதற்குப் பயந்து படிவத்தில் நோயை மறைத்தால் பின்னால் பாலிசியே ரத்தாகலாம். தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது, அது ஒரு ஆறுதல்.

அப்புறம், தள்ளுபடி தருகிறார்கள் என்று ஆறு ஊசியை ஒன்றாக வாங்காதீர்கள். அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் போனால் வீணாகலாம். மூன்று மாதத்தில் பலன் தெரியாவிட்டால் டாக்டர் மருந்தையே மாற்றவும் கூடும். ஒரு மாதத்துக்கு உண்டானதை மட்டும், பில்லோடு வாங்குங்கள்.