கேட்டிலிருந்து போர்டிகோ வரை உடைந்துபோன கான்கிரீட்டுக்குப் பதில், பராமரிப்பு அதிகம் இல்லாமல் என்ன போடலாம்?

60 மி.மீ. கனத்தில் பேவர் பிளாக், அதாவது கான்கிரீட்டில் வார்த்த தரைக்கல். பலத்தைக் குறிக்கும் எம்35 தரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஆனால் கல்லை விட, அதற்கு அடியில் என்ன போடுகிறார்கள் என்பதில்தான் கண்ணாக இருக்க வேண்டும்.

கான்கிரீட் உடைந்தது என்கிறீர்கள். உங்கள் இடமும் எங்களுடையதைப் போலக் களிமண்ணாகத்தான் இருக்கும். எங்கள் வீடு சென்னையில் மடிப்பாக்கம் பக்கம். களிமண் மழையில் ஊறி உப்பும், வெயிலில் பிளக்கும். அந்த மண்மேல் நடுநடுவே ஜாயின்ட் இடைவெளி விடாமல் ஒரே பாளமாகக் கான்கிரீட் போட்டால் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் பழையதை உடைத்ததும் மேஸ்திரி, "இதையே பரப்பி, மேல டஸ்ட் போட்டு கல்லை வெச்சிடலாம் சார், கார்தானே நிக்கப்போகுது" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தோண்டச் சொல்லி, ஜல்லியும் கிரஷர் டஸ்ட் என்ற கல்தூளும் கலந்து ஆறு அங்குலம், இரண்டு தடவையாகப் போட வைத்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தெளித்து, அதிர்ந்து இறுக்கும் பிளேட் வைப்ரேட்டர் மெஷினை ஓட்டியாக வேண்டும். வாடகை ஒரு நாள் கூடுகிறது என்று அவருக்குக் கோபம்தான். அதன்மேல் எம்-சாண்ட் ஒன்றரை அங்குலம், மட்டப்பலகையால் இழுத்தது. இழுத்த மணலில் ஒரு பையன் கால் வைத்துவிட்டான். அந்த இடத்தை மறுபடி இழுக்கச் சொன்னேன். கால் பதிந்த இடம்தான் பிறகு பள்ளமாகும். இரண்டு ஓரமும் கான்கிரீட்டில் கட்டிய கர்ப் கல் கட்டாயம். அது இல்லாவிட்டால் கார் ஏற ஏற ஓர வரிசை வெளியே நகர்ந்துவிடும். நாலடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், மழைநீர்க் குழியைப் பார்த்து.

பிறகு ஒருநாள் தண்ணீர்க் குழாய் உள்ளே உடைந்தது. பிளம்பர் சில கற்களைக் கழற்றி, சரிசெய்து, அதே கற்களை வைத்து மூடினார். சாயங்காலம் கார் அங்கேயே நின்றது. கான்கிரீட்டாக இருந்தால் ஒட்டுப்போட்ட தழும்பு நிரந்தரம்.

"எங்கள் வீட்டுக் கான்கிரீட் அசையவே இல்லை" என்று எழுத வருபவர்களே, சரளை மண்ணில் ஜாயின்ட் விட்டு, ஒழுங்காகத் தண்ணீர் கட்டிப் போட்டிருப்பீர்கள். நான் மறுக்கவில்லை. பேவரில் புல் முளைக்கும் என்பதும் உண்மைதான். கல் இடுக்கில் சேரும் தூசியில் விதை விழுந்து முளைப்பது அது. ஐப்பசி மழைக்கு முன் கூட்டிவிட்டு இடுக்கில் மணல் நிரப்பினால் போதும், எங்கள் வீட்டில் அவ்வளவுதான் செய்கிறோம். ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்புக் கல்லை மட்டும் வாங்காதீர்கள். ஈரத்தில் வழுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டுப் போனார்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியும், இப்போது தெருத் தண்ணீர் கேட்டுக்குள் இறங்குகிறது. புகார் கொடுத்தால் "வேலை முடிந்துவிட்டது" என்று பதில் வருகிறது. வரி கட்டுகிறவன் வீட்டைத் தாழ்த்திவிட்டு எது முடிந்தது? உங்கள் தெருவில் ரோடு வேலை பாக்கி இருந்தால் அது முடியும்வரை பொறுத்திருந்து, அந்த உயரத்தை அளந்த பிறகே கேட் வாசல் மட்டத்தை முடிவு செய்யுங்கள்.