மூக்கை மூடாதீர்கள், வாலைப் பாருங்கள்

வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னுடையது 2012 மாடல் வேகன்ஆர், பெட்ரோல் வண்டி. வாரம் இரண்டு தடவை பெருந்துறையிலிருந்து சேலம் வழியாகக் கிருஷ்ணகிரி போய் வருகிறேன். வெளிநாட்டில் சிலர் பிளாஸ்டிக் ஷீட்டால் முன் கிரில்லை மூடி, பின்னால் வால் போல நீட்டிக் கட்டி மைலேஜைக் கூட்டுவதைப் பார்த்தேன். நானும் சன்பேக் ஷீட் (விளம்பரப் பலகைக்குப் போடும் பிளாஸ்டிக் அட்டை) வாங்கிவிட்டேன். முதலில் கிரில்லை மூடலாமா?
– பெருந்துறை வாசகர்

பதில்: கிரில்லைத் தொடாதீர்கள். ஷீட் வீணாகாது, அதற்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது.

கிரில் வழியாக உள்ளே போகும் காற்று ரேடியேட்டரிலும் இன்ஜினிலும் முட்டி மோதித்தான் வெளியே வருகிறது. அதனால் வண்டிக்குக் காற்றின் எதிர்ப்பு கூடுவது உண்மை. பனி பெய்யும் ஊர்களில் அதை மூடினால் இன்ஜின் சீக்கிரம் சூடேறும் என்பது கூடுதல் லாபம். நமக்கு அது பொருந்தாது. இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறுகிறீர்கள் என்றால், இரண்டுக்கும் கிடைக்கிற காற்றெல்லாம் வேண்டும். நான் பாலிடெக்னிக் பட்டறையில் வேலை பார்த்தபோது ஒரு மாணவர் இதே போல மூடிக்கொண்டு ஏற்காடு ஏறினார். இன்ஜின் சூடேறி, அதன் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அந்தச் செலவுக்கு அவர் பல மாதம் பெட்ரோல் போட்டிருக்கலாம்.

சரி, ஷீட்டை எங்கே வைப்பது? அதற்கு முன் வேகத்தைப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 40-இல் இருப்பதைவிட 80-இல் நான்கு மடங்கு. 80-லிருந்து 100-க்குப் போனால் இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். அவருடைய பெட்ரோல் பிரேக்கிலும் சிக்னலிலும் போகிறது. உங்களுக்குப் பைபாஸ் ஓட்டம், அதனால் பலன் உண்டு.

காற்றைக் கிழிக்கக் கூர்மையான மூக்கு வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முன்பக்க முனைகள் நன்றாக வளைந்திருந்தாலே பெரும்பாலும் போதும். பெட்டி மாதிரி வண்டியில் மிச்சம் இருக்கும் தொல்லை பின்னால்தான். கூரை திடீரென்று முடிகிற இடத்தில் காற்று பிய்ந்துகொண்டு சுழல்கிறது. அங்கே அழுத்தம் குறைந்து, வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. மண் ரோட்டில் போய்வந்த பிறகு பின் கண்ணாடியைப் பாருங்கள். அப்பியிருக்கும் புழுதியெல்லாம் அந்தச் சுழல் கொண்டுவந்து போட்டது.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. 1973-இல் நாசா பொறியாளர் எட்வின் சால்ட்ஸ்மன் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் சைக்கிளில் போகும்போது, பெரிய லாரிகள் தாண்டுகையில் காற்று முதலில் தன்னை வெளியே தள்ளுவதையும், பிறகு ரோட்டுப் பக்கம் இழுப்பதையும் உணர்ந்தார். லாரிகள் எவ்வளவு எண்ணெயைக் காற்றுக்குக் கொடுக்கின்றன என்று யோசித்தவர், சக பொறியாளர்களோடு சேர்ந்து ஒரு பழைய ஃபோர்டு வேனைச் சுற்றித் தட்டையான அலுமினியத் தகடு அடித்து, செருப்புப் பெட்டி போல ஆக்கி ஓட்டிப் பார்த்தார். பிறகு முனைகளை மட்டும் வளைத்தார்கள். எதிர்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. அடிப்பக்கத்தை மூடியும், பின்னால் குவிந்த வால் கட்டியும் அப்புறம் பார்த்தார்கள். பட்டறைத் தகடு வேலைதான், ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்து பார்த்தார்கள். அதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும்.

காற்று போகும் வழியைப் பார்க்க, நானும் என் மகளும் எங்கள் பழைய வேகன்ஆரில் விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக செல்லோடேப்பால் ஒட்டி ஓட்டினோம். மகள் ஓட்ட, இன்னொரு காரில் உட்கார்ந்து பக்கத்திலும் பின்னாலும் வந்து செல்போனில் படம் பிடித்தேன். கூரை நூல்கள் படிந்து கிடந்தன. பின்கதவு நூல்கள் தறிகெட்டு ஆடின. அன்றைக்குத்தான் என் மகளுக்குக் காற்று கண்ணில் பட்டது. எனக்கும்தான்.

முன் பம்பருக்கு அடியில் ஷீட்டைப் பரப்பி, அடிப்பக்கத்தைச் சமமாக்குங்கள். சைலன்சர் குழாய்க்குக் கிட்டே பிளாஸ்டிக் கூடவே கூடாது, அங்கே அலுமினியத் தகடுதான். ஆயில் டிரெயின் போல்ட்டுக்கும் மழைத் தண்ணீர் வடியவும் ஓட்டை விடுங்கள். வயர் கட்டும் வெறும் பிளாஸ்டிக் டேக்கை நம்பாதீர்கள், நட்டு போல்ட் போடுங்கள். பிய்ந்து பறந்தால் பின்னால் வருகிற பைக்காரர் உயிருக்கே ஆபத்து. எங்களுக்கு இதில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகத்தான் கூடியது. சக்கரத்துக்குச் சமதளமான மூடி போட்டதில் அளக்கிற அளவுக்கு வித்தியாசமே இல்லை.

வால் விஷயத்தில் ஆசையை அடக்குங்கள். நீளமாக வால் கட்டத் தேவையில்லை என்று 1930-களிலேயே ஜெர்மனியில் வுனிபால்ட் காம் என்ற பொறியாளர் காட்டிவிட்டார். உடம்பை மெல்லச் சரித்து, சட்டென்று வெட்டி நிறுத்தினாலும் பெரும்பகுதி லாபம் கிடைக்கும். கூரை விளிம்பைச் சாண் நீளத்துக்குள் நீட்டி, 10 முதல் 15 டிகிரிக்கு மேல் சரிக்காமல் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் சரித்தால் காற்று ஒட்டாது. விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதையும் மறைக்கக் கூடாது. ஆர்.சி. விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எதையும் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அளப்பதற்கு ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே டயர் காற்று, விடியற்காலை நேரம். மாட்டி ஓட்டுங்கள், கழற்றி ஓட்டுங்கள், மறுபடி மாட்டி ஓட்டுங்கள். முடிந்ததும் எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: டூர் டாக்சி ஓட்டுகிறேன். மேலே கேரியர் எப்போதும் இருக்கிறது. மைலேஜ் குறையுமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: குறையும், காலியாக இருந்தாலும். சவாரி இல்லாத நாளில் கழற்றி வையுங்கள். ஒரு ஸ்பேனர்தான் செலவு. காற்றில் விசில் சத்தம் கேட்டால் அது உங்கள் பெட்ரோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆடி மாதம் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, முப்பந்தல் தாண்டுவதற்குள் பெட்ரோல் முள் வேகமாக இறங்குகிறது. போகும்போது அப்படி இல்லை. வண்டியில் கோளாறா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: வண்டி நன்றாக இருக்கிறதம்மா. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே வருகிறது. அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். நீங்கள் 80-இல் போக, எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், காற்றைப் பொறுத்தவரை வண்டி 110-இல் போகிறது. எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போகும்போது அதே காற்று முதுகில் தள்ளியது. அந்தத் தூரம் மட்டும் 60-65-இல் வாருங்கள். பக்கவாட்டில் காற்று அடித்தாலும் ஸ்டியரிங் கைக்குள் நிற்கும்.