வாசகர் கேள்வி பதில்: அரை ஆட்டம் எங்கிருந்து வந்தது?

கே: அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் பட்டியலில் என் அணி '3½ ஆட்டம் பின்னால்' என்று இருக்கிறது. அரை ஆட்டம் எப்படி வரும்? ஐபிஎல் மாதிரி புள்ளி போட்டுவிட்டால் என்ன?
தெம்பனிஸ் வாசகர்

ப: புள்ளி போடாததற்குக் காரணம், எல்லா அணியும் ஒரே நாளில் ஒரே எண்ணிக்கையில் ஆடி முடித்திருக்காது. மழை, பயண நாள் என்று இரண்டு மூன்று ஆட்டம் முன்பின்னாகவே இருக்கும். அதனால் இரண்டு வித்தியாசங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். முதலிடத்து அணி 56 வெற்றி, 40 தோல்வி. உங்கள் அணி 51 வெற்றி, 42 தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றியில் 5 குறைவு, தோல்வியில் 2 அதிகம். கூட்டினால் 7, பாதி 3½. எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால்தான் இந்த அரை வரும்.

இதில் கவனிக்க வேண்டியது தோல்விக் கட்டம். அங்கே வித்தியாசம் வெறும் 2. உங்கள் அணிக்கு ஆடாத ஆட்டம் மூன்று கையில் இருக்கிறது. மூன்றையும் வென்றால் 54-42, இடைவெளி இரண்டாகிவிடும். வெற்றியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், வாங்கிய தோல்வியை அழிக்க முடியாது. அதனால்தான் பழகியவர்கள் ஜூலையிலேயே தோல்வி எண்ணை முதலில் பார்க்கிறார்கள்.

ஆனால் கையிருப்பு ஆட்டங்களை இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரே நாளில் இரண்டு ஆட்டமாகத் திரும்பி வரும். அன்று இரண்டு தொடக்கப் பந்துவீச்சாளர்கள் வேண்டும். 26 பேர் அணியில் ஒருவரைக் கூடுதலாகச் சேர்க்க அனுமதி உண்டு, ஆனாலும் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் களைத்துவிடுவார்கள். அடுத்த நாள் ஆட்டம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்தக் களைப்பால்தான்.

கே: இரண்டு அணி சமமாக முடிந்தால் நெட் ரன்ரேட் பார்ப்பார்களா, கூடுதலாக ஓர் ஆட்டம் ஆடுவார்களா?
யீஷூன் வாசகி

ப: இரண்டுமே இல்லை. பருவத்துக்கு 162 ஆட்டம்; சமமானால் ஆடும் 163ஆவது ஆட்டம் என்பது 2022 முதல் கிடையாது. இரு அணிகளும் அந்தப் பருவத்தில் நேருக்கு நேர் மோதியதில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்களுக்கே இடம். அதுவும் சமமானால் அவரவர் டிவிஷனுக்குள் (ஐந்து அணிகள் கொண்ட பிரிவு) ஆடிய ஆட்டங்களின் வெற்றி விகிதம்.

2025இல் டொராண்டோ புளூ ஜேஸும் நியூயார்க் யாங்கீஸும் 94-68 என்று சமமாக முடித்தன. நேருக்கு நேர் 13 ஆட்டத்தில் டொராண்டோவுக்கு 8, யாங்கீஸுக்கு 5. டொராண்டோ டிவிஷனை வென்று பிளே-ஆஃபின் முதல் சுற்றை ஆடாமலே தாண்டிப் போனது. யாங்கீஸ் அந்த முதல் சுற்றான வைல்ட் கார்டு தொடரில் இறங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு, மேஜர் லீகின் இரு லீகுகளில் மற்றொன்றான நேஷனல் லீகில் சின்சினாட்டி ரெட்ஸ், நியூயார்க் மெட்ஸ் இரண்டும் 83-79. நேருக்கு நேர் 4-2 என்று முன்னிலை வகித்ததால் பிளே-ஆஃபின் கடைசி இடம் ரெட்ஸுக்குப் போனது. 2024இல் மெட்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், அரிசோனா டயமண்ட்பேக்ஸ் மூன்றும் 89-73. அரிசோனா செப்டம்பர் 29ஆம் தேதியே தன் பருவத்தை முடித்துவிட்டு, மறுநாள் மெட்ஸும் பிரேவ்ஸும் அட்லாண்டாவில் ஆடிய இரட்டை ஆட்டத்தை வெறுமனே வேடிக்கை பார்த்தது. புயலால் தள்ளிப்போன ஆட்டங்கள் அவை. ஆளுக்கு ஒன்று வென்றார்கள், சமநிலை விதிப்படி இருவரும் பிளே-ஆஃபுக்குள், அரிசோனா வெளியே.

ஆகவே போட்டி அணியோடு நேருக்கு நேர் கணக்கை இப்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். சொந்த டிவிஷன் எதிரியோடு 13 ஆட்டம். அதில் ஏழு வென்றுவிட்டால் சமநிலை உங்கள் பக்கம். வேறு டிவிஷன் அணியோடு ஆறோ ஏழோதான், ஆறாக இருந்தால் 3-3 என்று முடியவும் கூடும். சமநிலை கைவசம் இருக்கும் அணிக்கு, பட்டியலில் தெரியாத ஓர் ஆட்டம் முன்னிலை இருப்பதாகவே கணக்கு.

கே: சிங்கப்பூரில் எந்த நேரத்தில் பார்ப்பது? காலையில் பட்டியலைப் பார்த்தால் எண்கள் குழப்புகின்றன.
பொங்கோல் வாசகர்

ப: நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் வித்தியாசம். அங்கே இரவு 7:05 என்றால் இங்கே மறுநாள் காலை 7:05. பொங்கோலில் ரயில் ஏறி தோபி காட்டில் இறங்குவதற்குள் ஏறத்தாழ இரண்டு இன்னிங்ஸ் முடியும். மேற்குக் கரை ஆட்டங்கள் காலை 10:10 வாக்கில் தொடங்கும். குழப்பம் இங்கேதான்: காலை எட்டு மணிக்குப் பட்டியலைப் பார்த்தால் பாதி அணிகளின் முடிவு ஏறியிருக்காது. மதியம் 1:30க்கு மேல் பாருங்கள், அன்றைய கணக்கு முழுதாக இருக்கும். அவர்களின் ஞாயிறு மதிய ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை ஒன்றரை மணி. அதற்கு விழித்திருப்பது உங்கள் பாடு, முதலாளியின் பாடு. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்வைத்ததும் வித்தியாசம் 13 ஆகிவிடும்.

கே: ஜூலைக் கடைசியில் ஆறு ஆட்டம் பின்தங்கிய அணிக்கு நம்பிக்கை உண்டா?
உட்லண்ட்ஸ் வாசகர்

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது ஆட்டம் மீதம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இருப்பவர் 30-30 என்று தள்ளாடினால் நீங்கள் 36-24 ஆட வேண்டும், அது நடக்கக்கூடியது. அவர் 33-27 ஆடினால் உங்களுக்கு 39-21 வேண்டும். அந்த வேகத்தில் முழுப் பருவமும் ஆடினால் 105 வெற்றி வரும். அப்படி ஆடும் அணி ஆறு ஆட்டம் பின்னால் நின்றிருக்காது. துரத்த வேண்டியது ஓர் அணியையா மூன்று அணிகளையா என்றும் பாருங்கள். ஒன்று சறுக்குவது சாதாரணம், மூன்றும் சேர்ந்து சறுக்குவது அபூர்வம்.

அடுத்து, எடுத்த ரன், கொடுத்த ரன். பத்து ரன் வித்தியாசத்துக்கு ஒரு வெற்றி என்பது கைக்கணக்கு. 96 ஆட்டத்தில் 440 எடுத்து 400 கொடுத்த அணிக்கு, பாதியான 48உடன் நான்கு சேர்த்து 52 வெற்றி நியாயம். பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸின் சூத்திரப்படி, அதாவது எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து 96ஆல் பெருக்கினாலும், 52.6 வருகிறது. அந்த அணி 56 வென்றிருந்தால் ஒரு ரன் வித்தியாச ஆட்டங்கள் அதற்குக் கைகொடுத்திருக்கின்றன. அது அப்படியே நீடிக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் எதிரி அப்படிப்பட்ட அணியாக இருந்தால் தெம்பாக இருங்கள்.

அதிசயம் நடப்பதும் உண்டு. 2025இல் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் ஜூலையில் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு 15½ ஆட்டம் பின்னால் இருந்து, 88-74 என்று டிவிஷனை வென்றது; டெட்ராய்ட் 87-75. பிறகு வைல்ட் கார்டு தொடரில் அதே டெட்ராய்ட் கிளீவ்லாந்தை வீட்டுக்கு அனுப்பியது.

கே: ஆட்டக்காரர் பரிமாற்றக் கெடு முடிந்த பிறகும் செய்திகள் வருகின்றனவே?
ஜூரோங் வாசகி

ப: 2019 முதல் ஒரே கெடுதான். 2025இல் ஜூலை 31 மாலை 6 மணி, நமக்கு ஆகஸ்ட் 1 காலை 6. அதன்பின் வருபவர்கள் பெரும்பாலும் வேறோர் அணி கைவிட்டவர்கள். ஆகஸ்ட் 31க்குள் சேர்ந்திருந்தால் பிளே-ஆஃபிலும் ஆடலாம். உங்கள் அணி யாரை வாங்கியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இறுதி இன்னிங்ஸ் பந்துவீச்சாளர்களை விற்றுவிட்ட அணிகளைக் குறித்துக்கொண்டு, செப்டம்பரில் அவர்களோடு உங்களுக்கு எத்தனை ஆட்டம், உங்கள் எதிரிக்கு எத்தனை ஆட்டம் என்று எண்ணுங்கள்.