மழைநீர் வடிகாலா, சதுப்பு நிலமா?

கேள்வி: காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க தேசிய அளவில் திட்டம் போடும்போது சதுப்பு நிலம், அலையாத்திக் காடு என்றெல்லாம் எதற்கு? வெள்ளம் வந்தால் வடிகால்தானே காப்பாற்றும்?
- ஒரு வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: வடிகால் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது எங்கே என்று பாருங்கள். உங்கள் சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், அப்புறம்தான் கடல். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் முகத்துவாரம் வெள்ளத்தைச் சட்டென்று வாங்காது, அதுவரை தண்ணீர் தங்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம்தான் சதுப்பு நிலம். அதன்மேல் பெருங்குடி குப்பைமேட்டையும் சாலைகளையும் ஐடி வளாகங்களையும் ஏற்றிவிட்டோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகாவது பாடம் படித்தோமா? அடையாற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்திய ஏழைகளை இதே சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று வெள்ளம் தேங்கும் இடத்துக்கே அனுப்பியது அநியாயம். 2022-ல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் அடைத்துவிட்டால் பட்டியல் என்ன செய்யும்?

காலநிலை மாற்றத்துக்காக 2008-ல் வந்த தேசியச் செயல்திட்டத்தில் 8 இயக்கங்கள், அதாவது துறைவாரியான பெருந்திட்டங்கள். இமயமலைச் சூழலுக்கென்று தனியாக ஒன்று உண்டு, கடற்கரைக்கு இல்லை. 2023 பட்ஜெட்டில், கடலோர உப்புநீரில் வளரும் அலையாத்திக் காடுகளுக்குத் தனித் திட்டம் அறிவித்தார்கள், சரி, நல்லது. எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்ற கணக்கோடு அது முடிந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. பிச்சாவரத்தில் காடு ஏன் அழிந்தது? பிரிட்டிஷ் காலம் தொட்டு மொத்தமாக வெட்டியதில் தரை தாழ்ந்தது, பள்ளத்தில் நின்ற கடல்நீர் வற்றி வற்றி உப்பேறியது, அந்த உப்பில் எதுவும் முளைக்கவில்லை. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி கடல் ஏற்றத்தில் வரும் ஓதநீர் வந்து போக வழி செய்த பிறகுதான் அங்கே கன்றுகள் பிழைத்தன.

ஆகவே தேசியத் திட்டத்தில் சதுப்பு நிலத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினால் போதாது. சாலைக்கும் பாலத்துக்கும் இருப்பதுபோல வருடா வருடம் பராமரிப்பு நிதி வேண்டும், சர்வே எண்ணோடு எல்லை வேண்டும், அந்த எல்லைக்குள் கட்டட அனுமதி கேட்டு எந்தத் துறையின் கோப்பு வந்தாலும் திருப்பி அனுப்பும் சட்ட அதிகாரம் வேண்டும்.