ஏரிக்கரையில் நடக்கத் தொடங்குங்கள்: செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஏரி நாட்டில் வரலாறும் கலையும்

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறோம். நான், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் ஏரிகள் நிறைந்த கிராமங்களில் நடந்து சுற்ற ஆசை. கோயில், கல்வெட்டு, கூத்து எல்லாம் மகளுக்குக் காட்ட வேண்டும். காரில் போய் நாலு இடத்தைப் பார்த்துத் திரும்புவது எங்களுக்குப் போதவில்லை. எங்கே தொடங்குவது? ஏரியைச் சுற்றி நடக்க முடியுமா? வழிகாட்டி தேவையா?

பதில்: முதலில் அந்த நடுக் கேள்வி. ஏரியை முழுவதுமாகச் சுற்றி நடக்க முடியாது, முயலவும் வேண்டாம். இந்தப் பகுதி ஏரிகளுக்கு ஒரு பக்கம்தான் கரை. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், ஓடிவரும் மழைநீரைப் பிறை வடிவில் மண்கரை போட்டுத் தடுத்திருக்கிறார்கள். கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். எதிர்ப்பக்கம் நீர்ப்பிடிப்பு: சேறு, நாணல், சீமைக் கருவேலம், ஆங்காங்கே பயிர். அங்கே பாதை கிடையாது. செருப்பைத் துளைக்கும் முள் உண்டு, பாம்பும் உண்டு.

ஆகவே நடை இப்படி அமையட்டும். கரையின் ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை போங்கள். அங்கே இறங்கி, கரைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு வயல்களின் வழியாக, வாய்க்காலை ஒட்டி ஊருக்குத் திரும்புங்கள். போகும்போது தண்ணீர், வரும்போது அந்தத் தண்ணீர் விளைவித்தது. காலையில் போனால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். பறவைகள் மேல் வெளிச்சம் நேராக விழும், படம் எடுக்கவும் வசதி. மாலையில் போனால் கண் கூசும்.

கரையில் மூன்று இடங்களில் நின்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வரத்துக்கால் ஏரிக்குள் நுழையும் இடம் ஒன்று. மதகு இன்னொன்று, பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வாசல் அது. மூன்றாவது கலங்கல்: ஏரி நிரம்பியதும் உபரி நீர் வழிந்தோடும் கல்லணை. கலங்கலில் வழிந்த நீர் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த ஊர் ஏரியின் பெயரைச் சொல்வார்கள். ஓர் ஏரியின் மிச்சம் இன்னோர் ஏரியின் வரத்து. இந்தச் சங்கிலி மனதில் பதிந்துவிட்டால், கோயில் ஏன் அங்கே இருக்கிறது, ஊர்ச்சபை எதற்குக் கூடியது, கல்வெட்டில் ஏன் ஏரி ஏரி என்று வருகிறது என்பதெல்லாம் தானே புரியும். கோயில்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதைவிட, தண்ணீரின் வழியே போவதுதான் இந்த நாட்டைப் பார்க்கச் சரியான முறை என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கத்துக்கு அரை நாள் போதும். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு. நிலையத்தை நெருங்கும்போதே சன்னல் வழியே கொளவாய் ஏரி விரியும். ஊருக்குப் பக்கத்திலேயே வல்லம் குன்று. அதில் குடைந்த குகைக் கோயில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு, மன்னனின் பட்டப்பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, அவனுக்கு அடியானான வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் இது என்கிறது. பேரரசன் அல்ல, அவனுக்குக் கீழிருந்த ஒரு குறுநிலத் தலைவனின் மகன் மலையைக் குடைந்து தன் பெயரைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறான். உங்கள் மகள் படித்த பாடநூலில் இவன் பெயர் இருக்காது. அதனாலேயே முதலில் இவனைப் பார்க்கட்டும்.

அடுத்தது உத்திரமேரூர். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 8ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் உருவான ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறை என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது சிறு பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை. 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் பிராமணர் அல்லாதவர்களுக்கும் அந்தச் சபையில் இடமில்லை. மகளிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பலரும் அங்கே கவனிக்காமல் விடுவது ஏரி வாரியத்தை. வாரியம் என்றால் சபையின் வேலைகளைப் பார்க்கும் குழு. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஆறு பேரை ஓலை போட்டு எடுத்தார்கள். 360 நாள் ஆனதும் அவர்கள் இறங்கிவிட வேண்டும். அவர்கள் காத்த ஏரி வைரமேக தடாகம். அது இன்றும் ஊரை ஒட்டி இருக்கிறது. கல்வெட்டைப் படித்த கையோடு அந்த ஏரிக்கரைக்கு நடந்து போங்கள். சுவரில் இருக்கும் சட்டம் எதைக் காக்க எழுதப்பட்டதோ அது கண்முன் கிடக்கும். இரண்டையும் ஒரே காலையில் பார்க்காதவர்களுக்கு உத்திரமேரூர் பாதிதான் கிடைக்கிறது.

கல்வெட்டு எழுத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். சோழர் காலத் தமிழ் எழுத்தில் பல இன்றைய வடிவத்துக்கு அருகில்தான் இருக்கின்றன. பழக வேண்டியது ஒன்று: மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். இடையிடையே வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து வரும். முதலில் ‘மதிரை கொண்ட’ என்ற தொடரைத் தேடச் சொல்லுங்கள். மதுரையை வென்ற பராந்தகனின் பட்டம் அது. பிறகு ‘சபையோம்’. நாங்கள் சபையார் என்று ஊரே தன்மையில் பேசும் சொல் அது. இந்த இரண்டையும் மகள் கண்டுபிடித்துவிட்டால் மீதியைப் படிக்க அவளே ஆசைப்படுவாள். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் போதும். இல்லையென்றால் கைவிளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அதே ஊரில் மூன்று தளங்களோடு நிற்கும் சுந்தர வரதராசப் பெருமாள் கோயிலையும் பாருங்கள். நடை பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் அதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வேடந்தாங்கலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் போக வேண்டாம். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள்மூக்கன் என்று நீரில் நிற்கும் மரங்கள் முழுக்கக் கூடுகள். பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்று ஊரார் அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். இந்தச் சரணாலயத்தைத் தொடங்கியது ஊர்தான், அரசு பின்னால் வந்தது. கூட்டம் பிடிக்காவிட்டால் அருகிலுள்ள கரிக்கிலிக்குப் போங்கள்; அமைதியான இடம்.

அந்த முறையீட்டைக் கேட்ட கலெக்டர் லயோனல் பிளேஸ். அவர் பெயரை மதுராந்தகத்தில் மறுபடி சந்திப்பீர்கள். 1798இல் பெருமழை பெய்து ஏரி உடையும் நிலையில் இருந்த இரவில், வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காப்பதை அவர் கண்டதாகவும், கரை உடையாததால் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்ததாகவும் ஊர் சொல்கிறது. ஏரி காத்த ராமர் கோயில் என்ற பெயர் அப்படி வந்தது. சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. கருவறையில் ராமர் சீதையின் கையைப் பற்றி நிற்கும் கோலத்தையும் பாருங்கள். மதுராந்தகம் ஏரியில் பெரிய அளவில் சீரமைப்புப் பணி நடந்துவந்திருக்கிறது. கரையில் நடக்க விடுகிறார்களா என்று கோயில் வாசலில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மாமண்டூருக்கு ஒரு எச்சரிக்கை. திருச்சி நெடுஞ்சாலையில் பேருந்துகள் நிற்கும் மாமண்டூர் வேறு. குகைக் கோயில்கள் உள்ள மாமண்டூர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் தூசிக்கு அருகே, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. ஏரியை ஒட்டிய குன்றில் நான்கு குடைவரைகள். தூண்களைக் கூர்ந்து பாருங்கள்: அடியும் முடியும் சதுரம், நடுவில் எண்பட்டை. அலங்காரம் குறைவு, கனம் அதிகம். மகேந்திரன் காலக் கைவேலையின் அடையாளம் அது. சிதைந்த கிரந்தக் கல்வெட்டு ஒன்றில் அவன் எழுதிய மத்தவிலாசம் என்ற அங்கத நாடகத்தின் பெயர் வருகிறது. மலையைக் குடைந்த அரசன் நாடகமும் எழுதினான் என்பதற்குச் சான்று ஏரி ஓரத்தில் கிடக்கிறது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் அவசியம் பார்க்க வேண்டிய கலை. மதகு அருகிலும் கரை மேட்டிலும் வேப்பமரத்தடியிலும் தனிக் கற்சிற்பங்கள் நிற்கும். ஏழு கன்னியர், ஐயனார், நடுகல். சில ஊர்களில் தவ்வை. கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்த பருத்த பெண் உருவம், சரிந்த வயிறு, ஒரு பக்கம் மாட்டுத்தலையோடு மகன் மாந்தன், மறுபக்கம் மகள், மேலே காக்கைக் கொடி, பக்கத்தில் துடைப்பம். மூதேவி என்று இன்று ஒதுக்குகிறவளைப் பல்லவர் காலத்தில் வளத்தின் தாயாகக் கும்பிட்டார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் உண்டு. முதலில் அங்கே பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டால், ஏரிக்கரையில் மஞ்சள் பூசி வேறு பெயரில் உட்கார்ந்திருந்தாலும் அடையாளம் தெரியும். ஊரார் என்ன பெயர் சொல்கிறார்களோ அந்தப் பெயராலேயே பேசுங்கள். அது மூதேவி என்று திருத்தப் போகாதீர்கள். சிற்பத்தைக் கழுவுவதோ நகர்த்துவதோ கூடாது.

வழிகாட்டி தேவையில்லை. கரை தொடங்கும் இடத்து டீக்கடையில் உட்கார்ந்து, இந்த ஏரிக்கு நீர்க்கட்டி யார் என்று கேளுங்கள். மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துக்கொள்பவர் அவர். எல்லா ஊரிலும் இப்போது இல்லை. இருக்கும் ஊரில், பெரியவரை ‘ஐயா’ என்று கூப்பிட்டு, அவருக்கு ஓய்வான நேரமா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். எந்த ஆண்டு ஏரி உடைந்தது, எந்த மதகு பழசு, எந்தக் கல்லில் எழுத்து இருக்கிறது என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மதகு அருகே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் நீர் உள்ளே இழுக்கும். கலங்கலில் நீர் வழியும்போது, கணுக்கால் அளவு என்றாலும், பாசி வழுக்கும் என்பதால் கடக்க வேண்டாம். இடி இடித்தால் உடனே கரையை விட்டு இறங்குங்கள். மூடிய காலணி, தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். மீன் குத்தகைக்காரர்களின் வலையைத் தாண்டிப் போகாதீர்கள்.

கூத்துக்கு நீங்கள் வேறு பருவத்தில் வர வேண்டும். ஏரி வற்றி, அறுவடை முடிந்து, ஊருக்குக் கை ஓய்ந்த பிறகுதான் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பங்குனி முதல் ஆடி வரை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலை படுகளம்: மண்ணால் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்திய துரியோதனன் உருவம், அதன் மேல் திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் இந்தக் காலையைத் தேர்ந்தெடுங்கள். செய்யாறு பக்கத்துப் புரிசை, தெருக்கூத்துக்குத் தலைமுறைகளாகப் பெயர் பெற்ற ஊர். வேடதாரிகள் கிரீடம், புஜகட்டை, மார்புப்பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்து அணிவார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரும் இந்தப் பக்கம் வழங்குகிறது.

எந்த ஊரில் எந்த நாள் என்பதற்கு, பங்குனி பிறந்ததும் காஞ்சிபுரம், செய்யாறு, உத்திரமேரூர் பேருந்து நிலையங்களின் சுவரொட்டிகளைப் பாருங்கள். பதினெட்டு நாள் நிகழ்ச்சி நிரலும் ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் பெயரும் அச்சிட்டிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும், விடிய விடிய நடக்கும். பாய், போர்வை கொண்டுபோய் மண்ணில் உட்காருங்கள். முகவீணை ஊதுபவர் பக்கமாக இடம் பிடித்தால் பாட்டு நன்றாகக் கேட்கும். கைப்பேசி ஒளியை ஆடுபவர் முகத்தில் அடிக்காதீர்கள். ஒப்பனை நடக்கும் கொட்டகையைப் பார்க்க மகள் ஆசைப்பட்டால் எட்டு மணிக்கே போய்க் கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள். முகத்தில் அரிதாரம் ஏறும் அந்த இரண்டு மணி நேரம், ஆட்டத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.