அஜைலா, வாட்டர்ஃபோலா? பென்சிலால் எழுதினதை எங்கே போடுவது?

கேள்வி: "இறுதி வருட மாணவன். அஜைல், வாட்டர்ஃபோல் இரண்டில் எது சிறந்தது? நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்களாம்."

தம்பி (தங்கச்சியாகவும் இருக்கலாம், குறை நினைக்காதீர்கள்), உங்களுக்கும் விரிவுரையில் ஓர் அட்டவணை தந்திருப்பார்கள். இடப்பக்கம் வாட்டர்ஃபோல், அதாவது மென்பொருளை ஒரு படியை முழுசாக முடித்துவிட்டு அடுத்த படிக்கு இறங்கிச் செய்வது, அதில் எல்லாம் கெட்டது. வலப்பக்கம் அஜைல், அதாவது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, காட்டிக் காட்டித் திருத்துவது, அதில் எல்லாம் நல்லது. நானும் அதைப் பாடமாக்கித்தான் பாஸ் பண்ணினேன்.

பிறகு யாழ்ப்பாணத்தில் நாலு பேர் மட்டும் இருந்த ஒரு கொம்பனியில் சேர்ந்தேன். கலியாண மண்டபம் ஒன்றுக்குப் பதிவு மென்பொருள் செய்யச் சொன்னார்கள். வாட்டர்ஃபோல் முறைப்படிதான் போனோம். தேவைகளைக் கேட்டு 40 பக்கம் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, அதற்குப் பிறகு வடிவமைப்பு, கோடிங், டெஸ்டிங். ஒன்று முடியாமல் அடுத்ததில் கை வைக்கவில்லை. ஐந்து மாதம். இடையில் ஒருக்கால் செய்த மட்டும் காட்டுவோம் என்று போனால் முதலாளி, "அரைகுறையாக் காட்டாதேங்கோ தம்பி, முழுசா முடிச்சுப்போட்டு வாங்கோ" என்று தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டார்.

கொண்டுபோய்ப் பூட்டிய முதல் நாள், மண்டபத்து மனேஜர் ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கித் திரையைப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி.

"பென்சிலாலை எழுதிறதை இதிலை எங்கை போடுறது?"

எங்களுக்கு விளங்கவில்லை. தன் கொப்பியைத் திறந்து காட்டினார். பேனையால் எழுதியிருந்தால் அட்வான்ஸ் கட்டியாயிற்று. பென்சில் என்றால், மாப்பிள்ளை கனடாவில் லீவு கேட்டிருக்கிறார், இன்னும் கிடைக்கவில்லை. அல்லது பொம்பிளை வீட்டார் வாக்கிய பஞ்சாங்கம், மாப்பிள்ளை வீட்டார் திருக்கணிதம், நாள் ஒத்துவரவில்லை. ஒரே நாளில் மூன்று பென்சில் பெயர்கூட இருந்தது, முதலில் காசோடு வருபவருக்குப் பேனை. போதாததற்குக் காலையில் ஒரு கலியாணம், பின்னேரம் வேறு ஆட்களின் சாமத்தியவீடு. எங்கள் டேட்டாபேஸிலோ ஒரு நாளுக்கு ஒரே ஒரு பதிவு. இரண்டாவது உள்ளே வரவே முடியாதபடி இறுக்கிப் பூட்டிய அந்த வரியை எழுதியவன் நான்தான்.

அந்த 40 பக்கத்துக்காக மனேஜர் ஐயாவோடு நாங்கள் ஒரு சொல் கதைத்திருக்கவில்லை. கதைத்தது முழுக்க முதலாளியோடு. அவர் கொப்பியைத் தொட்டதே இல்லை. திருத்துவதற்கு இன்னும் இரண்டு மாதம் போனது, அதற்குக் காசும் வரவில்லை.

உடனே "அப்ப வாட்டர்ஃபோல் குப்பை" என்று ஓடாதீர்கள். அதே ஆட்கள் அடுத்ததாக ஒரு சம்பள மென்பொருளை அதே படிக்கட்டு முறையில் செய்தோம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். சட்டத்தில் இருப்பதற்குப் பென்சில் கிடையாது. சத்தமில்லாமல் முடிந்தது. வாட்டர்ஃபோலுக்குக் காட்டும் அந்தப் படிக்கட்டுப் படத்தை 1970இல் கட்டுரையில் கீறிய அமெரிக்க மென்பொருள்காரர் வின்ஸ்டன் ரோய்ஸ் 'வாட்டர்ஃபோல்' என்ற சொல்லையே அதில் எழுதவில்லை. ஒரே போக்காய் இறங்கிப் போவது ஆபத்து, புதிதாகச் செய்வதென்றால் இரண்டு தரம் செய்யுங்கள் என்றுதான் சொன்னார். பிறகு வந்தவர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த கொம்பனியில் அஜைல். டொரன்டோ கிளையன்ட். இரண்டு கிழமைக்கு ஒரு ஸ்பிறின்ட் (ஒரு துண்டு வேலையை முடிக்கும் சுற்று), தினம் ஒரு ஸ்டாண்டப் (நின்றபடி நடத்தும் சின்னக் கூட்டம்). அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரமின் விதிப்படி அது 15 நிமிடம். எங்களுடையது இரவு எட்டுக்குத் தொடங்கி ஒன்பதே முக்கால் வரை போகும், அவர்களுக்கு அப்போதுதான் காலைக் கோப்பி. லொகின் பக்கத்தை மட்டும் நாலு தரம் மாற்றினோம். மாற்றத்தை வரவேற்பதுதானே அஜைல்? ஆனால் விலையும் முடிக்கும் திகதியும் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதியாயிற்று. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவில் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தில், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது மேல் என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள் முறைப்பட்டால் கிளையன்ட் அதை வாசித்துக் காட்டுவார். காசைப் பற்றிக் கேட்டால் ஒப்பந்தத்தை வாசிப்பார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு வயிற்றெரிச்சல், சொல்லாமல் விட ஏலாது: பாமினி. மண்டபத்தின் பழைய வாடிக்கையாளர் பட்டியல் முழுக்கப் பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துருவில், அடித்திருந்தது. டேட்டாபேஸுக்குள் போட்டால் அத்தனையும் பொருளில்லாத ஆங்கில எழுத்தாக மாறி நிற்கும், ஒரு பெயரைத் தேட முடியாது. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு வந்து எத்தனை வருடம்! இன்னமும் அச்சகத்துக்குப் போனால் "பாமினியிலை இருக்கோ தம்பி" என்கிறார்கள்.

நேர்முகத்தில் கேட்டால் அட்டவணையை ஒப்பிக்காமல், தேவையைச் சொல்பவர்தான் அதைப் பாவிக்கப் போகிறவரா, இடையில் மாற்றினால் காசு யார் தருவது என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். சிலருக்குப் பிடிக்காது, என்னை ஒரு இடத்தில் அதற்காகவே எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"நீ பார்த்தது உண்மையான அஜைல் இல்லை" என்று கருத்து எழுத வருபவர்களுக்கு: தெரியும். உண்மையானது எங்கே நடக்கிறது என்றும் சேர்த்து எழுதுங்கள். யாழ்ப்பாணத்துக்குள் என்றால் முகவரியையும் போடுங்கள், என் சிவியை அனுப்பி வைக்கிறேன்.