சந்தா கேட்கும் செயலி: கட்டுவதா, மாறுவதா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். முகவரி, ஆர்டர், பாக்கி எல்லாம் போனில் ஒரு செயலியில் இருக்கிறது. ஒரே தடவை பணம் கட்டி வாங்கியது. இப்போது வருடச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். வேறு செயலிக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம் அண்ணாச்சி. ஆனால் புதுசு தேடுமுன், பழையதிலிருந்து உங்கள் கணக்கு முழுசாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் 'பேக்கப்', 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கும். பேக்கப் கோப்பைப் பெரும்பாலும் அதே செயலிதான் திறக்கும். பிடிஎஃப் வெறுமனே பார்க்கத்தான். எக்ஸ்போர்ட்டில் நமக்கு வேண்டியது சிஎஸ்வி (கணக்கை வரிசை வரிசையாக எழுதி வைக்கும் எளிய கோப்பு) அல்லது எக்செல்.

சிஎஸ்வியை நேராக எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியலாம். பதறி அழித்துவிடாதீர்கள், கோப்பில் கோளாறு இல்லை. கம்ப்யூட்டரில் வெற்று எக்செலைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 (யூனிகோட் யுடிஎஃப்-8) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அம்பாசமுத்திரமும் ஆழ்வார்குறிச்சியும் ஒழுங்காக வந்துவிடும். அடுத்து தேதி. 5/8 என்பது ஆகஸ்ட் 5-ஆ, மே 8-ஆ? பாக்கி வசூலில் இது வம்பில் விடும். பில் படங்கள் சிஎஸ்வியில் வராது; தனியாக இறக்குங்கள். கடைசியாக மொத்தப் பாக்கி பழைய செயலியிலும் வெளியே எடுத்த கோப்பிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள்.

எக்ஸ்போர்ட்டையே சந்தாவுக்குள் பூட்டிவிட்டார்களா? மாதச் சந்தா இருந்தால் ஒரு மாதம் கட்டி, எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல் ஆர்டர் நேரத்தில் இதைத் தொட வேண்டாம். கார்த்திகை மழையில் அப்பளம் காயாத நாட்கள்தான் தோது.

நீங்கள் ஒருவரே பார்க்கும் கணக்கு என்றால் கூகுள் ஷீட்ஸ் போதும் என்பேன். நாலு பேர் ஒரே நேரத்தில் ஆர்டர் பதிகிறீர்கள், செயலி கைக்குப் பழகிவிட்டது என்றால் யோசிக்காமல் சந்தா கட்டுங்கள். வேலை கெடுவதைவிட அது மலிவு. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் இருக்கிறதே, அவர்கள் செயலியை எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பாருங்கள், ஆனால் நம்ம பக்கத்து ஊர் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். அங்கேயும் முதல் கேள்வி எக்ஸ்போர்ட்தான்.

இன்னொன்று: போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போய் ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.